வேலூர் மண்ணிலும் போர் தண்ணீரிலும் இட்லிப்பூச் செடி: அறிகுறி பார்த்துக் குறை நீக்கும் முறை

இட்லிப்பூ வெளியிலிருந்து வந்த செடி அன்று. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம், சங்கப் பாடல்களில் வெட்சி என்று வருவதும் இதுதான். ஆயினும் அது விரும்புவது சற்றே அமிலத்தன்மை கொண்ட, நீர் தேங்காத, மட்கு மிகுந்த மண்ணை. கார அமில அளவு (pH) 5-க்கும் 6-க்கும் இடையில் இருந்தால் அதற்கு நிறைவு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த பழைய மாவட்டத்தின் சமவெளியில் பல வீடுகளில் கிடைப்பதோ உப்பும் சுண்ணாம்பும் ஏறிய போர் தண்ணீர், சிமெண்ட் கலந்த மனை மண், பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கி இரவில் கக்கும் வெப்பம். ஆகவே இங்கே இச்செடிக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணத்தைத் தண்ணீரில்தான் முதலில் தேட வேண்டும். இலை வெளுத்தவுடன் உரக்கடைக்கு ஓடுவது பல நேரங்களில் செலவையும் சேதத்தையும் ஒருசேரக் கொடுக்கும்.

முதலில், செடி இட்லிப்பூதானா?

நர்சரியில் பெயர்ச் சீட்டு இல்லாமல் வாங்கிய செடியாக இருந்தால் இதை உறுதி செய்துகொள்வது நல்லது. இட்லிப்பூவில் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக அமையும். அந்த இரு காம்புகளுக்கும் நடுவே தண்டின் மேல் முள் போன்ற நுனியுடைய சிறிய முக்கோணச் செதில் ஒன்று ஒட்டியிருக்கும். காப்பிச் செடியிலும் இதே செதிலைக் காணலாம், இரண்டும் ஒரே குடும்பம். பூவுக்கு நான்கு இதழ்கள். இதழ்களுக்குக் கீழே ஊசிபோல் மெல்லிய நீண்ட குழல். ஐந்து இதழும் மென்மயிர் படர்ந்த மெத்தென்ற இலையும் இருந்தால் அது பென்டாஸ்; அது காரமண்ணையும் ஓரளவு தாங்கும் என்பதால் கீழே சொல்லும் மண் வைத்தியம் அதற்கு வேண்டியதில்லை. காட்டோரங்களில் வெள்ளைப் பூவோடு நிற்கும் பாவட்டையையும் சிலர் வெள்ளை இட்லிப்பூ என்று எடுத்து வந்துவிடுகிறார்கள். அதன் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆங்காங்கே கரும்புள்ளிகள் தெரியும், சூல்தண்டும் பூவைத் தாண்டி வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும்.

இட்லிப்பூவிலேயே வகை உண்டு. இதழ் நுனி கூர்மையாக, இலை காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டியிருந்தால் அது நம் நாட்டு வகை. இதழ் நுனி வட்டமாக, பூங்கொத்து பெரிதாக இருந்தால் சீன வகையோ அதன் கலப்போ ஆகும். சிற்றிலையோடு முழங்கால் உயரத்தில் அடர்ந்து நிற்பது மினி என்று விற்கும் குட்டை வகை. நோய் அறிவதில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. கவாத்தில், அதாவது கிளை கத்தரிப்பதில் மட்டும் உண்டு, அதைப் பின்னால் பார்க்கலாம்.

இளந்தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

வேலூர்ப் பகுதியில் மிகுதியாகக் கேட்கப்படும் குறை இதுதான். நுனியில் வரும் புது இலைகள் வெளிர் மஞ்சளாக, நரம்புகள் மட்டும் பச்சை வலைபோல் தெரியும். முற்றினால் இலை ஏறக்குறைய வெண்மையாகி ஓரம் கருகும். அடியிலைகள் அந்த நேரத்திலும் கரும்பச்சையாகவே இருக்கும். இது இரும்புச் சத்துக் குறை. இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதில் நகராத சத்து என்பதால் பற்றாக்குறை எப்போதும் தளிரிலேயே முதலில் தெரியும்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இது வருவது அரிது. நம் செம்மண்ணின் நிறமே இரும்பினால் வந்தது. காரத்தன்மை ஏறிய மண்ணில் அந்த இரும்பு கரையாமல் கிடப்பதால் வேருக்கு எட்டுவதில்லை. காரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, செடிகள் மஞ்சளான ஒழுங்கைப் பார்ப்பது. வரிசையாக வைத்த வேலியில் சுவரை ஒட்டிய செடிகள் மட்டும் மஞ்சளாகி, இரண்டடி தள்ளி நிற்பவை பச்சையாக இருந்தால், சுவர் கட்டும்போது அடித்தளத்தில் கொட்டிய சிமெண்டும் சுண்ணாம்புக் காரையும்தான் காரணம். இரண்டாவது, பருவத்தைப் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் பச்சையாகத் துளிர்த்த செடி பங்குனி, சித்திரையில் மறுபடி மஞ்சளானால் போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் என்ற கார உப்பே குற்றவாளி. மழை நீர் அதைக் கழுவுகிறது, கோடையில் நாம் மீண்டும் ஏற்றுகிறோம். இதற்கு நேர்மாறாக மழைக்காலத்தில்தான் மஞ்சளாகிறது என்றால் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறது என்று கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி அடுப்பங்கரையிலேயே உள்ளது. செடியின் வேர்ப்பகுதியிலிருந்து இரண்டு கரண்டி மண்ணை எடுத்துக் காயவைத்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, அதன் மேல் வெள்ளை வினிகரைச் சிறிது ஊற்றிக் காதருகே கொண்டுபோனால், சுண்ணாம்பு உள்ள மண் சோடா போலச் சத்தமிட்டு நுரைக்கும். மண்ணுக்குள் அரிசி மணிபோல் வெண்துகள்கள் கிடந்தால் நுரை அவற்றைச் சுற்றியே எழுவதையும் காணலாம். நுரை வந்தால் அந்த இடத்து மண்ணைத் திருத்தும் முயற்சியைக் கைவிட்டு, மேடையிலோ தொட்டியிலோ புது மண்ணில் வைப்பதே அறிவுடைமை. ஏனெனில் கந்தகத் தூள் போட்டாலும் அது முதலில் அங்குள்ள சுண்ணாம்பு முழுவதையும் தீர்த்த பிறகே மண்ணின் காரத்தைக் குறைக்கும். நுரை வரவில்லை என்பதற்காக மண் அமிலத்தன்மையுடையது என்று முடிவு செய்துவிடக் கூடாது. துல்லியம் வேண்டுமானால் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தையோ அணுகலாம்.

உடனடி நிவாரணம் இலைவழித் தெளிப்பு. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் முதலில் சிட்ரிக் அமிலம் 1 கிராம், பிறகு அன்னபேதி எனப்படும் பெரஸ் சல்பேட் 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் போதும். அன்னபேதி இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பு மாவு பூத்துப்போனது கெட்டுவிட்ட சரக்கு. போர் தண்ணீரில் அமிலம் சேர்க்காமல் கரைத்தால் சிறிது நேரத்தில் கரைசல் தேநீர் நிறமாக மாறுவதைக் காணலாம், அதைத் தெளித்துப் பயனில்லை. தெளிக்கும்போது டைல்ஸ் தரையிலும் வெள்ளைச் சுவரிலும் படாமல் பார்த்துக்கொள்வது வீட்டு அமைதிக்கு நல்லது, ஏனென்றால் துருக்கறை எளிதில் போகாது. பெரஸ் சல்பேட்டைக் காரமண்ணில் கொட்டினால் சில நாளிலேயே அதுவும் கரையாப் பொருளாகிவிடும். மண்ணில் இடத்தான் வேண்டும் என்றால், எளிதில் கரையாப் பொருளாகாதபடி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த கிலேட் இரும்பில் இ.டி.டி.எச்.ஏ. வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை காரம் மிகுந்த மண்ணில் நிலைப்பதில்லை.

நிலையான தீர்வு தண்ணீரை மாற்றுவது. மொட்டைமாடி மழை நீரை டிரம்மில் பிடித்து வைக்கலாம். ஏ.சி. குழாயில் சொட்டும் நீரில் உப்போ சுண்ணாம்போ அநேகமாக இல்லை. இரண்டு மூன்று தொட்டிகளுக்குக் கோடை முழுவதும் அதுவே போதும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அந்தத் தண்ணீரில் அரிசி கழுவிய நீரைச் செடிக்குத் திருப்பலாம்.

சில கைவைத்தியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். துருப்பிடித்த ஆணியை வேரில் புதைப்பதால் பயனில்லை. காரமண்ணில் துரு கரைவதே இல்லை. காப்பித் தூள் சக்கையில் அமிலம் பெரும்பாலும் டிகாக்ஷனோடு போய்விடுகிறது. புளித்த மோரும் எலுமிச்சைச் சாறும் ஓரிரு நாள் உதவி மறைந்துவிடும். முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் ரோஜாவுக்கு நல்லது என்று கேட்டு இட்லிப்பூவுக்கும் போடுகிறார்கள். இரண்டும் காரத்தை ஏற்றுபவை, இந்தச் செடிக்கு நஞ்சுக்குச் சமம்.

அடியிலைகள் மஞ்சளாகவோ செம்புள்ளியுடனோ இருந்தால்

பழைய இலையில் தொடங்கும் குறைகளுக்கு இரும்பு காரணமாகாது. அடியிலைகள் நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளுத்து உதிர்ந்தால் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு கைப்பிடி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதுமானது. ஓரங்கள் மஞ்சளாகி நடுவில் மட்டும் பச்சை நின்றால் மக்னீசியக் குறை. எப்சம் உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். முதிர்ந்த இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் மிகுந்து நின்றால் பலர் பூஞ்சை நோய் என்று மருந்தடிக்கிறார்கள். புள்ளிகள் பழைய இலைகளோடு நின்று தளிர் சுத்தமாக இருக்குமானால் அநேகமாக அது சாம்பல் சத்துக் (பொட்டாசியம்) குறை, சில வேளை மணிச்சத்துக் (பாஸ்பரஸ்) குறையும் கூட. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் சிறிதளவு இட்டு, அடுத்து வரும் இலைகளைக் கவனித்தால் போதும். வந்துவிட்ட புள்ளி மறையாது. ஏலகிரி போன்ற மேட்டுப்பாங்கான இடங்களில் மார்கழிக் குளிரில் இது கூடுதலாகத் தெரியும்.

இலை விளிம்பு கருகுகிறது

நுனியும் விளிம்பும் காகிதம்போல் காய்ந்து பழுப்பாகி, தொட்டியின் வாய்ப்புறத்தில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உப்பு ஏறிவிட்டது. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் நிலத்தடி நீரின் நிலை எல்லோரும் அறிந்ததே. தோல் பதனிடும் ஆலைக் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அத்தகைய நீரை வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. மூலத் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் செறிந்து நிற்பது அந்தக் கழிவில்தான். அது பாத்திரம் தேய்க்கவும் வாசல் கழுவவும் ஆகும், இட்லிப்பூவுக்கு ஆகாது. துணிக்காகப் பொருத்தும் மென்னீர்க் கருவியின் தண்ணீரும் அப்படியே. அதில் சுண்ணாம்பு போய் சோடியம் வந்திருக்கும்.

ஏறிய உப்பை இறக்க, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல நீரை மெல்ல ஊற்றி அடித்துளை வழியே வடியவிட வேண்டும். வடிந்த நீர் தட்டில் தேங்கி மறுபடி உறிஞ்சப்படாமல் கொட்டிவிட வேண்டும். மேல் பொருக்கை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு மண்புழு உரத்தால் நிரப்பலாம். தேங்காய் நார்த்தூள் கட்டியைக் கழுவாமல் கலந்தாலும் இதே கருகல் வரும். அதை இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தே சேர்க்க வேண்டும்.

மண் ஈரமாக இருந்தும் செடி துவள்கிறது

மேல் மண்ணின் ஈரத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. நர்சரிச் செடிகள், குறிப்பாக ஆந்திராவின் கடியம் பக்கமிருந்து லாரியில் வருபவை, இறுகிய களிமண் உருண்டையோடு வருகின்றன. அதை அப்படியே இளகிய கலவைக்குள் வைத்தால் ஊற்றும் நீர் உருண்டையைச் சுற்றி வழிந்து ஓடிவிடும். தண்டை ஒட்டி ஒரு துடைப்பக் குச்சியைச் செருகி எடுத்துப் பார்த்தால் வெளிப்புறம் சொதசொதவென்றிருக்க, உருண்டையின் நடுவிலிருந்து வரும் மண் பொடியாக உதிரும். அத்தகைய செடியைத் தொட்டியோடு எடுத்து வாளி நீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்தி வைத்து, பிறகு உருண்டையின் வெளிப்பகுதியை விரலால் மெல்லத் தளர்த்திப் புது மண்ணோடு சேர்க்க வேண்டும். உருண்டையை முழுவதும் உடைத்து வேரை அம்மணமாக்கினால் சித்திரை, வைகாசியில் செடி பிழைப்பது கடினம். இந்த வேலைக்கு ஆடி, ஆவணி ஏற்ற காலம்.

குச்சி முழுவதும் ஈரத்தோடும் அழுகிய வாடையோடும் வந்தால் வேரழுகல். வேர் வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ இருக்க வேண்டும். தொட்டால் தோல் உரிந்து நார் மட்டும் கையில் நிற்கும் கறுத்த வேர்களை வெட்டி எறிந்து, மேலே உள்ள கிளைகளையும் அதே அளவுக்குக் குறைத்து, நிழலில் வைத்துத் தேற்ற வேண்டும். கலவைக்குச் செம்மண் இரண்டு பங்கு, மட்கிய இலையோ மண்புழு உரமோ ஒரு பங்கு, கழுவிய நார்த்தூள் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு என்பது இங்கே ஒத்துவரும் அளவு. கட்டட வேலையில் மிஞ்சிய மணலில் சிமெண்ட் கலந்திருந்தால் அதைத் தொடவே கூடாது.

செடி செழிப்பு, பூ இல்லை

நிழல், தழைச்சத்து மிகுதி, தவறான கவாத்து ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் கிடைக்காத இடத்தில் இட்லிப்பூ இலையை மட்டுமே தரும். காலை வெயில் முழுவதும் விழுந்து பிற்பகல் மூன்று மணி வெயிலுக்கு மட்டும் மறைவு கிடைக்கும் கிழக்குப் பக்கம் வேலூருக்கு மிக ஏற்றது. கீரைப் பாத்திக்கு இடும் யூரியா நீர் பக்கத்துச் செடிக்கும் பாய்ந்தால் இலை பெருத்துக் கரும்பச்சையாகும், மொட்டு தள்ளிப்போகும்.

கவாத்துப் பிழையே பெரும்பாலான வேலிகளைக் கெடுக்கிறது. இச்செடி கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். வேலியை எப்போதும் சுவர்போல் சீராக வைத்திருக்க வேண்டும் என்று தோட்டக்காரர் மாதந்தோறும் கத்தரித்தால், ஒவ்வொரு முறையும் வரப்போகும் பூவையே வெட்டுகிறார் என்று பொருள். ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் வாடிய கொத்தை அதன் கீழுள்ள இரண்டு இலைக் கணுவோடு கிள்ளினால் போதும். உயரத்தைக் குறைக்கும் கவாத்தை ஆண்டுக்கு ஒரு முறை, ஆடி மழை தொடங்கியபின் செய்து, புதுத் தளிர் முற்றும் வரை கத்தரியை எடுக்காமல் இருக்க வேண்டும். நெருக்கமான வெட்டு வேலிதான் வேண்டும் என்பவர்கள் மினி வகையை வைப்பது நல்லது. சீன வகையை முழங்கால் உயரத்தில் அடக்க முயல்வது செடிக்கும் நமக்கும் வீண் போராட்டம்.

கத்திரி வெயிலில் மொட்டு உதிர்வு

அக்கினி நட்சத்திர நாட்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது மொட்டுகள் மலராமலே பழுப்பாகி உதிர்வதும் சிவப்பு நிறம் வெளுப்பதும் இயல்பு. மாடித் தரையின் சூடு நேரே தொட்டிக்குள் ஏறாதபடி செங்கல் மேல் தூக்கி வைத்து, காய்ந்த இலையால் மூடாக்கிட்டு, விடியற்காலையில் நீர் விட்டால் உதிர்வு குறையும். கறுப்பு வளர்ப்புப் பைகளில் மேற்குப் பக்கத்து வேர்கள் வெந்தே போகின்றன. அவற்றின் மேல் பழைய சாக்கைச் சுற்றலாம்.

இலையில் கரி படிந்தது போன்ற கறுப்பு

விரலால் துடைத்தால் கறுப்பு கையோடு வருமானால் அது கரும்பூஞ்சைப் படலம், இலைக்குள் புகாதது. அதற்கு மேலே உள்ள கிளையில் மாவுப்பூச்சியோ செதிள்பூச்சியோ இருந்து இனிப்பு நீரை ஒழுகவிடுகிறது. எறும்பு வரிசை தண்டில் ஏறுவதைத் தொடர்ந்து பார்த்தால் அதுவே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துப் பூச்சியைக் கலைத்து, மறுநாள் மாலை லிட்டருக்கு வேப்ப எண்ணெய் 5 மில்லியைச் சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கித் தெளிக்க வேண்டும். எறும்பைத் தடுக்காமல் பூச்சியை மட்டும் ஒழிக்க முடியாது, ஏனென்றால் எறும்பு அதன் எதிரிகளை விரட்டிக் காக்கிறது.

எதைச் செய்தும் தேறவில்லை என்றால்

தண்ணீரும் மண்ணும் சரிசெய்த பின்னும் செடி குறுகியே நின்றால் ஓரமாகத் தோண்டி நுனி வேர்களைப் பார்க்க வேண்டும். மணிமாலைபோல் முடிச்சு முடிச்சாக வேர் வீங்கியிருந்தால் நூற்புழு தாக்கியிருக்கிறது. தரையில் உள்ள செடிக்கு வேப்பம் புண்ணாக்கும் சுற்றிலும் துலுக்கச் சாமந்தியும் வைத்துக் காலம் தள்ளலாம். தொட்டிச் செடியாயின் வேரையும் மண்ணையும் அப்புறப்படுத்திவிடுவதே சிக்கனம்.

அந்த வகை அரிதானதாக இருந்தால் அப்புறப்படுத்துமுன் மேல் கிளையிலிருந்து குச்சி எடுத்துக்கொள்ளலாம், நூற்புழு அங்கே ஏறுவதில்லை. பச்சை மாறி இளம்பழுப்புக்குத் திரும்பும் பருவத்தில் உள்ள, பூக்காத கிளையில் நான்கைந்து அங்குலம் வெட்டி, அடியிலைகளை நீக்கி, வேரூக்கிப் பொடியில் தொட்டு, மணலும் நார்த்தூளும் சமமாகக் கலந்த கலவையில் ஊன்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வைக்க வேண்டும். ஆவணி முதல் கார்த்திகை வரை இது எளிதாகப் பிடிக்கும். குச்சிக்கு ஊற்றும் முதல் தண்ணீரிலிருந்தே மழை நீராகவோ ஏ.சி. நீராகவோ பார்த்துக்கொண்டு, வேர் பிடித்தபின் பழைய குழியைத் தவிர்த்து, சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நட வேண்டும்.